நூறு கோடிப் புறாக்களைக் கண்ட ஓவியர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் பறவைகளைக் காப்பதற்கென எழுந்த சங்கங்களுட் பல ஒரு மனிதரின் பெயரைத் தாங்கி நின்றன. ஜோன் ஜேம்ஸ் ஓடுபன் என்பது அப்பெயர். அதனைக் கேட்போர், வாழ்நாள் முழுவதும் பறவைகளின் உயிரைக் காக்கப் பாடுபட்ட ஒருவராகவே அவரைக் கற்பனை செய்வர். உண்மை அதுவன்று. அவர் சங்கம் எதனையும் அமைத்தவரல்லர். சட்டம் எதனையும் வேண்டி நின்றவருமல்லர். ஒரு கையில் துவக்கும் மறு கையில் தூரிகையுமாகக் காடுகளில் அலைந்தவர் அவர். தாம் வரைய விரும்பிய பறவைகளைச் சுட்டு வீழ்த்திய பின்னரே பெரும்பாலும் வரைந்தார். பயணிப் புறா என வழங்கிய காட்டுப் புறாவை அவரளவு நேரிற் கண்டு விரிவாக எழுதியோர் மிகச் சிலர். வேட்டையால் அப்புறாவினம் அருகிவிடாது என்று அவர் உறுதியாக நம்பினார். நம்பியதை எழுதியும் வைத்தார். அவர் இறந்து 63 ஆண்டுகள் கழிந்தபோது அவ்வினத்தின் கடைசிப் பறவை ஒரு கூண்டினுள் இறந்து கிடந்தது.

அத்துணைக் கூரிய கண் படைத்த ஒருவர் எங்கே தவறினார்? தவறியவரின் பெயரே காவற் சங்கங்களுக்கு வாய்த்தது எவ்வாறு? இவ்விரு வினாக்களோடு அவர் வாழ்க்கையை நோக்குதல் பயனுடையது.

ஓடுபன் 1785ஆம் ஆண்டு ஏப்பிரல் 26ஆம் நாள், கரிபியன் கடலிற் பிரெஞ்சுக்காரர் ஆட்சியிலிருந்த சென் டொமிங் என்னும் குடியேற்றத்திற் பிறந்தார். இன்று ஹெயிட்டி என வழங்கும் நாடு அது. தந்தை கப்பற்றலைவர், கரும்புத் தோட்டமும் அடிமைகளும் உடையவர். தாய் அவருக்கு மணமாகாத பணிப்பெண். குழந்தை பிறந்த சில திங்களுக்குள் அவள் இறந்தாள். தந்தை சிறுவனைப் பிரான்சு நாட்டின் நாந்து நகருக்குக் கொண்டு சென்று, தம் மனைவியிடம் ஒப்புவித்தார். அம்மாது அவனைத் தன் வயிற்றுப் பிள்ளைபோலவே செல்லமாக வளர்த்தாள். பள்ளிக்கூடத்துக்கெனப் புறப்பட்ட சிறுவன் ஆற்றங்கரைகளிற் கூடுகளும் முட்டைகளும் தேடித் திரிந்துவிட்டு மாலையில் வீடு திரும்புவான். பிறப்பைப் பற்றிய கூச்சம் ஓடுபனை இறுதிவரை விட்டு நீங்கவில்லை. தாம் லூசியானாவிற் பிறந்தவர் என்றும் வேறு பலவாறும் பிற்காலத்திற் கதை கட்டினார். தம்மைப் பற்றி அவர் கூறியவற்றை முழுவதும் நம்பிவிடலாகாது என்பதனை வாசகர் இங்கேயே மனத்திற் கொள்ளுதல் நன்று.

நெப்போலியனின் படைக்கு ஆள் திரட்டிய காலம் அது. மகனைப் படையினின்றும் தப்புவிக்க எண்ணிய தந்தை, 1803இல் பொய்க் கடவுச்சீட்டொன்றுடன் அவரை அமெரிக்காவுக்கு அனுப்பினார். பதினெட்டு வயது இளைஞர் பிலடெல்பியா நகருக்கு அண்மையில் இருந்த மில் குறோவ் என்னும் தந்தையின் பண்ணையில் வந்து தங்கினார். ஈயச் சுரங்கத்தை மேற்பார்வை செய்வது அவர் கடமை. அவரோ குகையொன்றிற் கூடு கட்டியிருந்த பீபி என்னும் சிறு குருவிகளோடு நாளைக் கழித்தார். அக்குஞ்சுகளின் காலில் வெள்ளி இழை கட்டிவிட்டதாகவும், மறு ஆண்டு அவற்றுட் சில அதே இடத்துக்கு மீண்டதைக் கண்டதாகவும் அவர் எழுதியுள்ளார். பறவைகளுக்கு வளையமிட்டு ஆராயும் முறையின் தொடக்கமென இது நெடுங்காலம் போற்றப்பட்டது. ஆயினும் அம்மறு ஆண்டு வசந்த காலத்தில் அவர் பிரான்சில் இருந்தார் என்பதை அண்மைய ஆய்வாளர் ஒருவர் எடுத்துக்காட்டி, அக்கதையை ஐயுறுகின்றார்.

அயற் பண்ணையில் வாழ்ந்த லூசி பேக்வெல் என்னும் ஆங்கிலப் பெண்ணை அவர் 1808இல் மணந்தார். கூட்டாளியோடு மேற்கே கென்டக்கி நாட்டுக்குச் சென்று லூயிவில் நகரிற் கடை வைத்தார். கடைக்காரர் பெரும்பாலும் கடையில் இருப்பதில்லை, காட்டில் இருந்தார். 1810இல் அக்கடைக்கு ஒருவர் வந்தார். அமெரிக்கப் பறவைகளைப் பற்றி முதற் பெருநூலை எழுதிக்கொண்டிருந்த அலெக்சாந்தர் வில்சன் அவர். தம் நூலுக்குக் கையொப்பம் சேர்ப்பதற்காக ஊரூராகத் திரிந்தார். ஓடுபன் கையொப்பமிட எடுத்த பேனாவைத் தடுத்து, உம்முடைய படங்களே இவற்றினும் மேலானவை அல்லவா என்று கூட்டாளி பிரெஞ்சு மொழியிற் கூறினாராம். வில்சன் வெறுங்கையோடு போனார். இந்த வில்சனை நாம் மறந்துவிடலாகாது. புறாக் கதையில் அவருக்கும் ஓர் இடமுண்டு.

பயணிப் புறா நம் மாடப்புறாவினும் சற்று நீண்டு, கூரிய வாலுடன் விளங்கியது. ஆணின் முதுகு நீலச் சாம்பல் நிறம், மார்பு செம்மை. பீச்சு மரக் கொட்டைகளும் ஓக்கு மரக் கொட்டைகளும் அதன் முதன்மையான உணவு. இம்மரங்கள் ஆண்டுதோறும் ஒரே அளவிற் காய்ப்பதில்லை. ஓராண்டு ஒரு பகுதியில் மிகுதியாகக் காய்த்தால் அடுத்த ஆண்டுகளில் அங்கே வெறுமையாயிருக்கும். வேறொரு பகுதி காய்த்துக் குலுங்கும். ஆகவே அப்புறாக்கள் ஓரிடத்தில் நிலையாக வாழ முடியவில்லை. கிழக்கு அமெரிக்கப் பெருங்காடு முழுவதுமே அவற்றின் வீடு. கொட்டை விழுந்த இடம் தேடிப் பெருந்திரளாகப் பறந்து சென்று, அங்கேயே தங்கி, அங்கேயே கூடு கட்டின. பயணி என்னும் பெயர் அதனால் வந்தது.

1813ஆம் ஆண்டு இலையுதிர் காலம். ஒஹாயோ ஆற்றங்கரையில் ஹெண்டர்சன் என்னும் ஊரில் அப்போது குடியிருந்த ஓடுபன், லூயிவில்லுக்குப் பயணமானார். வழியில் வடகிழக்கிலிருந்து தென்மேற்கு நோக்கிப் புறாக் கூட்டங்கள் பறக்கக் கண்டார். மேட்டு நிலமொன்றில் அமர்ந்து, ஒரு கூட்டத்துக்கு ஒரு புள்ளியாகக் கடுதாசியிற் குறிக்கத் தொடங்கினார். 21 நிமிடங்களில் 163 புள்ளிகள் ஆயின. மேலும் எண்ணுதல் இயலாதெனக் கண்டு எழுந்து நடந்தார். வானம் முழுவதும் புறாக்களால் நிறைந்தது. நண்பகல் ஒளி கிரகண காலத்திற்போல மங்கியது. எச்சம் பனிபோல உதிர்ந்துகொண்டேயிருந்தது. 55 மைல் கடந்து மாலையில் அவர் லூயிவில்லை அடைந்தபோதும் பறத்தல் ஓயவில்லை. மூன்று நாள்கள் அது தொடர்ந்து நிகழ்ந்தது.

இவ்விடத்தில் அவர் கண்ட ஒன்று அவருடைய கண்ணின் தரத்தை நமக்குக் காட்டும். பருந்தொன்று கூட்டத்தின்மேற் பாய்ந்தபோது புறாக்கள் நெருங்கித் திரண்டு, கீழே வீழ்ந்து, மேலே எழுந்து, வளைந்து நெளிந்து சென்றன. பருந்து போய்விட்டது. ஆயினும் பின்னே வந்த கூட்டங்கள் அதே இடத்துக்கு வந்ததும் அதே வளைவுகளையும் அதே வீழ்ச்சியையும் ஒன்றும் விடாமற் செய்தன. எதிரி இல்லாத இடத்தில் எதிரிக்கு அஞ்சிய வழி காற்றில் எழுதப்பட்டிருந்தது போலும். எண்ணிக்கையைக் கண்டு வியந்தோர் பலர். இதனையும் அவர் கவனித்தார்.

பின்னர் அவர் கணக்கிட்டார். ஒரு மைல் அகலமான கூட்டம், நிமிடத்துக்கு ஒரு மைல் வேகத்தில் மூன்று மணி நேரம் பறந்ததெனக் கொண்டால் அது 180 சதுர மைல் பரப்பாகும். சதுர யாருக்கு இரண்டு புறாக்கள் வீதம் 111 கோடியே 51 இலட்சத்து 36 ஆயிரம் புறாக்கள். ஒரு புறா நாளொன்றுக்கு அரைப் பைந்து உணவு உண்டால் அக்கூட்டத்தின் ஒரு நாளுணவு 87 இலட்சத்து 12 ஆயிரம் புசல். வில்சன் தாம் கென்டக்கியிற் கண்ட வேறொரு கூட்டத்தை 223 கோடிக்கும் மேலென மதிப்பிட்டிருந்தார். இவை ஊகக் கணக்குகளே. ஆயினும் கண்டோர் பலரும் ஒரே வகையாகப் பேசுகின்றமையால் இவற்றைப் பொய்யெனத் தள்ளுதற்கில்லை.

கிறீன் ஆற்றங்கரையில் அவர் கண்ட இரவு வேறு வகையானது. 40 மைலுக்கு மேல் நீளமும் மூன்று மைல் அகலமும் உடைய காட்டுப் பகுதியொன்றைப் புறாக்கள் இரவுத் தங்கலாகக் கொண்டிருந்தன. பொழுது சாய்வதற்குச் சற்று முன்னரே மக்கள் வண்டில்களும் குதிரைகளும் துவக்குகளுமாகக் கூடிவிட்டனர். 100 மைலுக்கு அப்பாலுள்ள றசல்வில் என்னும் ஊரிலிருந்து இருவர் 300 பன்றிகளை ஓட்டி வந்திருந்தனர். இறந்த புறாக்களைத் தின்று அவை கொழுக்கவேண்டும் என்பது நோக்கம். சிலர் சட்டிகளிற் கந்தகம் வைத்திருந்தனர், சிலர் தீவட்டி, சிலர் நீண்ட கழிகள். இருள் சூழ்ந்தபின் புறாக்கள் வந்தன. புயற் காற்றுப்போன்ற இரைச்சலுடன் வந்திறங்கின. கழியால் அடித்தே ஆயிரக்கணக்கில் வீழ்த்தினர். ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்த புறாக்களின் பாரம் தாங்காது பெருங்கிளைகள் முறிந்து வீழ்ந்தன. அவற்றின் கீழ் அகப்பட்டு இறந்தவை எண்ணில. துவக்கு வெடித்த ஓசை செவியில் விழவில்லை; சுட்டவர் மீண்டும் மருந்து இடிப்பதைப் பார்த்தே அவர் சுட்டாரென அறிய வேண்டியிருந்தது. விடியலில் எஞ்சியவை பறந்து போயின. ஓநாய்களும் நரிகளும் கரடிகளும் வந்தன, கழுகுகள் வந்தன. மனிதர் வேண்டியமட்டும் குவித்து எடுத்துக்கொண்டு, மீதிக்குப் பன்றிகளை அவிழ்த்துவிட்டனர்.

இதனைக் கண்ட எவர்க்கும் இவ்வினம் விரைவில் அழியும் என்றே தோன்றும். அப்படித் தோன்றுவது இயல்பு என்பதை ஓடுபனும் ஒப்புக்கொள்கின்றார். ஆனால் நெடுநாள் நோக்கியதன் பயனாகத் தமக்கு ஐயம் நீங்கிற்று என்கின்றார். காடுகள் படிப்படியாகக் குறைந்தாலன்றி இப்புறாக்கள் குறையா. ஏனெனில் அவை ஆண்டுதோறும் இரு மடங்காகவேனும் பெருகுகின்றன, நான்கு மடங்காதலும் அரிதன்று என்பது அவர் முடிவு.

இம்முடிவின் ஒரு பாதி பொன்போன்றது. காடே அப்பறவையின் உயிர் என்பதை அவர் அன்றே கண்டார். மறு பாதி ஒரு முட்டையில் தவறிற்று. கூடொன்றில் இரண்டு முட்டைகள் உள்ளன என்றும், பெரும்பாலும் அவற்றினின்று ஓர் ஆணும் ஒரு பெண்ணும் பிறக்கின்றன என்றும் அவர் எழுதினார். உண்மையிற் பயணிப் புறா ஒரு தடவைக்கு ஒரு முட்டையே இட்டது. கூட்டிற்கு ஒரு குஞ்சு என்பதை வில்சன் முன்னரே பதிவு செய்திருந்தார். கடையில் வந்து நின்றவரின் நூலை ஓடுபன் இவ்வொரு செய்திக்காகவேனும் ஏற்றிருக்கலாம். வானத்திற் பறந்தவற்றை 100 கோடிக்கு மேல் எண்ணியவர் கூட்டிற் கிடந்ததை எண்ணுவதில் தவறினார். ஒரு முட்டையை இரண்டாகக் கொண்டமையால், ஆண்டுதோறும் இரட்டிக்கும் செல்வமெனப் புறாவைக் கருத நேர்ந்தது.

ஹெண்டர்சனில் அவர் நிறுவிய நீராவி ஆலை 1819இன் பெரும் பணநெருக்கடியிற் கவிழ்ந்தது. கடனுக்காகச் சிறை சென்றார். வெளிவந்தபோது எஞ்சியவை உடுத்த உடையும் துவக்கும் ஓவியங்களுமே. இரண்டு பெண் குழந்தைகளையும் அக்காலத்தை அடுத்தே இழந்தார். 1820இல் சின்சினாட்டி நகரின் அரும்பொருட்சாலையில், இறந்த உயிரினங்களின் தோலைப் பதப்படுத்தும் வேலை கிடைத்தது. சம்பளம் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. அந்நகரைப் பின்னர் மீண்டும் சந்திப்போம். அவ்வாண்டு ஒக்டோபரில் ஜோசப் மேசன் என்னும் இளம் மாணவனுடன் தட்டைப் படகொன்றில் ஏறி, ஒஹாயோ ஆற்றின் வழியாகவும் மிசிசிப்பியின் வழியாகவும் தெற்கே சென்றார். அமெரிக்கப் பறவைகள் அனைத்தையும் உயிரளவில் வரைவதென்று உறுதி கொண்டது அப்போதுதான். அப்படங்கள் பலவற்றிற் பூக்களையும் இலைகளையும் வரைந்தவன் அம்மாணவன். அச்சில் அவன் பெயர் இடம்பெறவில்லை.

கணவர் காட்டில் அலைந்த காலத்திற் குடும்பத்தைத் தாங்கியவள் லூசி. லூசியானாவிற் பீச்சு மரங்களாற் பெயர்பெற்ற தோட்டமொன்றில் ஆசிரியையாக அமர்ந்து, பிள்ளைகளுக்குக் கற்பித்துப் பொருள் சேர்த்தாள். ஓடுபனின் வரலாற்றை எழுதுவோர் அவருடைய துணிவை நிரம்பப் புகழ்வர். அத்துணிவுக்கான செலவைச் செலுத்தியவள் ஓர் ஆசிரியை.

1824இல், பிலடெல்பியாவின் அறிஞர் குழாம் அவரைப் புறக்கணித்தது. வில்சனின் நண்பர் பலர் அங்கு செல்வாக்குடன் இருந்தனர். மனம் உடைந்து பிற்ஸ்பேர்க் வந்தவர் அங்கே பயணிப் புறாவை வரைந்தார். மேற்கிளையில் ஒன்று, கீழ்க்கிளையில் ஒன்று. மேலது குனிய, கீழது நிமிர, அலகோடு அலகு பொருந்துகின்றது. கோடிகளைக் கண்டவர் இரண்டையே வரைந்தார். இறந்த பறவையைக் கம்பிகளால் தாங்கி, கட்டமிட்ட பலகைமேற் பொருத்தி வரைவது அவர் முறை. அப்படத்தில் இறப்பின் சாயல் சிறிதும் இல்லை. புறாக்கள் கிளையிற் பக்கத்தில் இருந்தே அலகு கோக்கும், மேலும் கீழுமாக அன்று என்று பறவை நூலார் குறை கூறுவர். குறை உண்மையே, ஆனால் இலக்கக் கணக்கிலன்றி உயிராக அப்பறவையைப் பின்னோர் நினைவில் நிறுத்தியது அப்படமேயாகும்.

1826இற் கப்பலேறி லிவர்பூல் அடைந்தார். தோளளவு தொங்கும் கூந்தலும் காட்டுவாசி உடையுமாக நின்ற அமெரிக்கரைப் பிரித்தானிய மக்கள் வியந்து பார்த்தனர். அவரும் அவ்வியப்பைப் பயன்படுத்தத் தயங்கவில்லை. எடின்பரோவில் வில்லியம் லிசர்ஸ் செதுக்கத் தொடங்கிய தகடுகளை இலண்டனில் றொபேட் ஹாவல் நிறைவு செய்தார். 1827 முதல் 1838 வரை, ஏறக்குறைய 39 அங்குல உயரமும் 26 அங்குல அகலமும் உள்ள தாள்களில் 435 படங்கள் வெளிவந்தன. நிறைவான பிரதிகள் 200க்கும் குறைவு. படங்களுக்கு விளக்கமாக, ஸ்கொட்லாந்து அறிஞர் வில்லியம் மக்கிலிவ்ரேயின் துணையோடு ஐந்து தொகுதிகளில் பறவைகளின் வரலாற்றை எழுதினார். 1831இல் வந்த முதற்றொகுதியிலே தான் நாம் மேலே கண்ட புறாக் காட்சிகளும் முட்டைக் கணக்கும் உள்ளன. இதற்கிடையில் 1830இல் நியூயோர்க் சந்தையில் 350 பயணிப் புறாக்களை உயிருடன் ஒன்று நான்கு சதத்துக்கு வாங்கி, இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்ப் பிரபுக்களுக்குப் பரிசளித்தார். 1805இல் அதே நகரிற் கப்பல் கப்பலாக வந்திறங்கிய புறா ஒன்று ஒரு சதம் விற்றதை அவரே எழுதியுள்ளார். ஒரு சதம் நான்கானது ஏன் என்று அவர் வினவவில்லை.

அவருடைய குறைகள் இத்துணையோடு நிற்கவில்லை. ஹெண்டர்சனில் அவர் அடிமைகளை வைத்திருந்தார், வாங்கினார், விற்றார். அடிமை ஒழிப்பை அவர் விரும்பாதவர். பறவையின் சிறகில் ஒவ்வோர் இழையையும் கண்ட கண், பக்கத்தில் நின்ற மனிதனைக் காணவில்லை. இக்காரணத்தால் அமெரிக்காவின் பறவைச் சங்கங்கள் சில அண்மைக் காலத்தில் அவர் பெயரை நீக்கிவிட்டன. தேசிய ஓடுபன் சங்கமோ நீண்ட ஆலோசனையின் பின் 2023இல் பெயரை வைத்துக்கொள்ள முடிவு செய்தது. இரு தரப்பினருக்கும் நியாயம் உண்டு. எனினும் அவர் வாழ்க்கையைச் சொல்லப் புகுவோர் இதனை மறைத்தல் தகாது.

முதுமையில் அவர் பார்வை மாறிற்று. 1833இல் லபிரடோர்க் கரைக்குச் சென்றபோது, கடற்பறவைகளின் முட்டைகளைக் கப்பல்களில் அள்ளிச் செல்லும் வணிகரைக் கண்டார். அவர்கள் முதலில் கிடந்த முட்டைகளையெல்லாம் மிதித்து நொறுக்கி, பறவைகள் புதிதாக இடுபவற்றைப் பின்னர் வந்து எடுத்தனர். அதனை அவர் சினத்தோடு எழுதினார். 1843இல் மிசூரி ஆற்றின் வழியே மேற்குச் சமவெளிக்குப் போனார். அங்கே காட்டெருமைகள் தோலுக்காகவும் நாக்குக்காகவும் விளையாட்டுக்காகவும் கொல்லப்பட்டன. அவரோடு சென்றவர்களும் கொன்றனர். இது நிலைக்காது, மந்தைகள் ஏற்கனவே சிறுத்துவிட்டன, பேரோக்குப் பறவை மறைந்ததுபோல இவையும் மறையும் என்று தம் நாட்குறிப்பிற் பதிந்தார். எருமைக்குக் கண்ட உண்மையைப் புறாவுக்கு அவர் ஏன் காணவில்லை? அவ்வாண்டுகளில் வெளிவந்த சிறு பதிப்பிலும் புறாவைப் பற்றிய பழைய முடிவு மாறாமல் நின்றது. இளமையில் மூன்று நாள் வானத்தை மறைத்த காட்சி அவர் மனத்தையும் மறைத்துவிட்டது எனலாம்.

நியூயோர்க்கில் ஹட்சன் ஆற்றங்கரையில் வாங்கிய வீட்டில், முதலிற் கண்ணொளியும் பின்னர் நினைவும் மங்கி, 1851 ஜனவரி 27ஆம் நாள் அவர் இறந்தார்.

அதன்பின் வந்தவை இரண்டு: புகையிரதப் பாதையும் தந்திக் கம்பியும். கிறீன் ஆற்றங்கரையிற் கூடிய மக்கள் அயலூரவர். தின்னவும் உப்பிடவும் போதுமானதை எடுத்தபின் அவர்களாற் கொண்டுபோக வழியில்லை. இப்போது புறாக்கள் எங்கே கூடு கட்டின என்ற செய்தி தந்தியிற் பறந்தது. தொழில்முறை வலைஞர் புகையிரதத்தில் வந்திறங்கினர். கண்ணிமை தைக்கப்பட்ட புறாவொன்றைக் கட்டிவைத்து மற்றவற்றை வலைக்குள் இறக்கினர். பறக்கத் தெரியாத கொழுத்த குஞ்சுகளை மரத்திலிருந்து தட்டி வீழ்த்தினர். பீப்பாய்களில் அடைத்த இறைச்சி தூர நகரங்களுக்கு அன்றே புறப்பட்டது. 1857இல் ஒஹாயோச் சட்டசபையின் குழுவொன்று, புறாவுக்குப் பாதுகாப்பு வேண்டியதில்லை என்று அறிக்கை தந்தது. அதன் காரணங்கள் ஓடுபன் கூறியவற்றை ஒத்திருந்தன. 1878இல் மிச்சிகன் மாநிலத்துப் பெற்றோஸ்கி என்னுமிடத்திற் கடைசிப் பெருங்கூட்டங்களுள் ஒன்று கூடு கட்டியது. இலட்சக்கணக்கிற் கொன்றனர். கூடுகளுக்கு அருகே வேட்டையாடலாகாது என்ற சட்டம் இருந்தும் அதனைச் செயற்படுத்துவார் மிகச் சிலரே. ஒரு முட்டை இடும் பறவை, ஆண்டுதோறும் குஞ்சுகளை இழந்தால், முதிர்ந்தவை இறக்க இறக்க இனம் தேயும். எஞ்சிய சிறு கூட்டங்கள் இனம் பெருக்க வலியற்றுப் போயின. பெருந்திரளாக வாழ்வதற்கே அப்பறவையின் உடல் பழகியிருந்தது என்பதை 2017இல் வெளிவந்த மரபணு ஆய்வொன்றும் உணர்த்துகின்றது.

இனி, பெயர் வந்த வரலாறு. கணவரையும் பின்னர் இரு புதல்வரையும் இழந்த லூசி, கடன் தீர்க்கும் பொருட்டு 1863இல் மூல ஓவியங்களை நியூயோர்க் வரலாற்றுச் சங்கத்துக்கு விற்றாள். முதுமையிலும் பழைய தொழிலாகிய ஆசிரியப் பணியைக் கைக்கொண்டு, பேரப்பிள்ளைகளுக்கும் அயல்வீட்டுப் பிள்ளைகளுக்கும் பாடம் சொன்னாள். அவளிடம் படித்த அயல்வீட்டுச் சிறுவருள் ஒருவன் ஜோர்ஜ் பேர்ட் கிறினல். ஓடுபனை அவன் அறியான். அவர் இறந்தபோது ஒரு வயதுக் குழந்தை. ஓடுபன் வரைந்த படங்கள் தொங்கிய வீட்டில், ஓடுபனின் மனைவியிடம் பறவைகளை அறிந்தான். வளர்ந்து பத்திரிகை ஆசிரியரான கிறினல் 1886இல் பறவைகளைக் காக்கும் சங்கமொன்றைத் தொடங்கியபோது தம் ஆசிரியையின் கணவர் பெயரை அதற்கு இட்டார். ஓராண்டுக்குள் 38,000 பேருக்கு மேல் சேர்ந்தனர். அத்துணைப் பேரைத் தாங்க இயலாமல் அது சில ஆண்டுகளில் ஓய்ந்தது. 1896இல் மசச்சூசெற்ஸ் மாதர் சிலர் அதே பெயரில் மீண்டும் தொடங்கினர். ஆகவே அப்பெயரின் வேரை நாடினால் அங்கே நிற்பவர் ஓவியரல்லர். லூசி என்னும் ஆசிரியையே. இது இந்நாள்வரை போதியவளவு சொல்லப்படாத செய்தியென்பது எமது கருத்து.

சட்டமும் வந்தது. அயோவா மாநிலத்துப் பிரதிநிதி ஜோன் லேசி கொண்டுவந்த சட்டம் 1900 மே 25ஆம் நாள் நிறைவேறியது. ஒரு மாநிலத்திற் சட்டத்தை மீறிக் கொன்ற பறவையை வேறு மாநிலத்துக்குக் கொண்டு செல்லுதல் குற்றமாயிற்று. புகையிரதப் பீப்பாய்களை நோக்கியே அச்சட்டம் எறியப்பட்டது. அதற்காக வாதாடியபோது, காட்டுப் புறா மறைந்துவிட்டதை லேசி சபைக்கு நினைவூட்டினார். 1910ஐ அடுத்த ஆண்டுகளில், கூட்டிலிருக்கும் பயணிப் புறாவைக் காட்டுவோர்க்குப் பரிசு என அறிவித்தனர். பலர் எழுதினர், போய்ப் பார்த்தால் அங்கே இருந்தது துயர்ப்புறா என்னும் வேறினம். 1914 செப்டெம்பர் முதலாம் நாள், மார்த்தா எனப் பெயரிடப்பட்ட கடைசிப் பெண்புறா இறந்தது. இறந்த இடம் சின்சினாட்டி நகரின் விலங்குக் காட்சிச்சாலை. 94 ஆண்டுகளுக்கு முன் ஓடுபன் தோல் பதப்படுத்திய நகர் அதுவே. மார்த்தாவின் உடலைப் பனிக்கட்டியில் உறையவைத்து வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிலையத்துக்கு அனுப்பினர்; அங்கே அதன் தோலைப் பதப்படுத்தினர்.

ஓடுபனின் பெருநூலில் 367ஆவது படம் இன்னொரு காட்டுப் புறாவினுடையது. மேற்குக் கரை மலைக்காடுகளில் ஓக்குக் கொட்டைகளையும் காட்டுப் பழங்களையும் உண்டு வாழும் பட்டைவாற் புறா அது. அதனை அவர் உயிருடன் கண்டதில்லை. பிறர் கொணர்ந்த தோல்களைப் பார்த்து வரைந்தார். பயணிப் புறாவுக்கு மிக நெருங்கிய உறவினம் இதுவே எனப் பிற்கால ஆய்வு காட்டிற்று. இதுவும் பெரும்பாலும் ஒரு முட்டையே இடும். 1911ஆம் ஆண்டின் இறுதிக் குளிர்காலத்தில் இவை கலிபோர்னியாவில் ஓரிடத்திற் பெருந்திரளாகக் கூடியபோது வேட்டைக்காரர் புகையிரதத்தில் வந்து சுட்டுக் குவித்தனர். ஆனால் இம்முறை பார்த்திருந்தோர் பழைய கதையை அறிந்தவர்கள். 1913இல் அப்புறாவைச் சுடுவது தடைசெய்யப்பட்டது. 1932வரை அத்தடை நின்றது. கனடாவின் சார்பிற் பிரித்தானியா 1916இல் அமெரிக்காவுடன் செய்த உடன்படிக்கையும், அதனைச் செயற்படுத்த 1918இல் வந்த சட்டமும், எல்லை கடந்து பறக்கும் புறாக்களுக்கும் காவலாயின. ஓரிடத்தில் நில்லாத பறவைக்கு ஓரூர்ச் சட்டம் போதாது என்பதை இதற்குள் இரு நாடுகளும் கற்றிருந்தன.

பட்டைவாற் புறா இன்றும் அக்காடுகளில் உண்டு. தொகை நெடுங்காலமாகச் சற்றுக் குறைந்தே வருகின்றது. அதனால் வேட்டைக்காலத்தை மிகக் குறுக்கியுள்ளனர். அடர்ந்த மலைக்காட்டில் இவற்றை எண்ணுவது எளிதன்று. ஆனால் உப்புச் சத்துள்ள ஊற்றுகளை நாடி இவை வந்து நீர் அருந்தும். ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில், பிரித்தானிய கொலம்பியா முதற் கலிபோர்னியா வரை அத்தகைய ஊற்றுகளின் அருகே, விடியற்காலையில் ஆள்கள் போய் அமர்ந்து, வரும் புறாக்களை ஒவ்வொன்றாக எண்ணிக் குறிக்கின்றனர்.